டிராக்டர் டிரெய்லர் டயருக்கு எத்தனை பவுண்டு காற்று வைப்பது?

பஞ்சர் கடை முன்னால் டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் “எவ்வளவு வைக்கணும்ணே?” என்று கேள்வி வரும். “நல்லா கல்லு கணக்கா வைங்க” என்பது பாதிப் பேருடைய பதில். மீதிப் பேர் “நூறு” என்பார்கள். அந்த நூறு எந்த டயருக்கு, எந்தச் சுமைக்கு என்று திருப்பிக் கேட்டால் பேச்சு வராது. சேரன்மகாதேவியில் நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்கு அந்த நூறு சரியாக இருக்கலாம். அதே நூறு வைக்கோல் மட்டும் ஏற்றும் வண்டிக்கு ரொம்ப அதிகம். ஒரு யூனிட் எம்-சாண்ட் ஏற்றும் வண்டிக்கு அது பற்றாது, அந்த வண்டிக்கு எந்த எண்ணும் பற்றாமல்கூடப் போகலாம்.

டயரில் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். ரப்பரும் நூல் அடுக்கும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பை மட்டுமே. ஆகவே ஒரு சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ உட்காருகிறது என்று தெரியாமல் சொல்லும் எந்த எண்ணும் குத்துமதிப்பு. நம் திருநெல்வேலிப் பக்கம் அதிகம் ஓடும் இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லரை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். நான்கு சக்கரப் பெட்டி என்றால் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இதே கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும்.

டயர் தன்னைப் பற்றிச் சொல்வது

முதலில் டயரின் பக்கவாட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் படியுங்கள். 7.50-16, 9.00-16, 9.00-20 என்பது போல அளவு இருக்கும். அதை ஒட்டி 10 பிஆர், 14 பிஆர், 16 பிஆர் என்று பிளை அளவு, அதாவது டயரின் பலத்தைக் காட்டும் எண் இருக்கும். பிறகு அந்த டயர் தாங்கும் உச்ச எடை கிலோவிலும், அதற்குத் தேவையான காற்று கேபிஏ கணக்கிலோ பிஎஸ்ஐ கணக்கிலோ இருக்கும். நம் ஊரில் பவுண்டு என்றும் பாயிண்ட் என்றும் சொல்வது பிஎஸ்ஐயைத்தான். கேபிஏ எண்ணை 6.9 ஆல் வகுத்தால் பவுண்டு வந்துவிடும். 725 கேபிஏ என்றால் 105 பவுண்டு.

எடை கிலோவில் இல்லாமல் 122, 137 என்று வெறும் எண்ணாக இருந்தால் அது சுமைக் குறியீடு. 122 என்றால் 1,500 கிலோ, 137 என்றால் 2,300 கிலோ. 122/118 என்று இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். ஏ8 என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர், எஃப் என்றால் 80. ஏ8 போட்ட விவசாய டயர் உள்ள பெட்டியை ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு நான்குவழிச் சாலையில் விரட்டினால், காற்று எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த டயர் பிழைக்காது.

பக்கவாட்டில் இருக்கும் காற்று அளவு அந்த டயர் முழுச் சுமையைத் தாங்குவதற்கானது. அந்த எண்ணைத் தாண்டிக் காற்று ஏற்றக் கூடாது. அதற்காக எல்லா நாளும் அந்த எண்ணையே வைக்க வேண்டும் என்றும் இல்லை.

இன்னொன்று. ஒரே அளவு டயராக இருந்தாலும் 10 பிஆருக்கும் 16 பிஆருக்கும் உச்சக் காற்று வேறு. லாரியில் இருந்து கழற்றிய பழைய டயரை ஒரு பக்கம் போட்டு ஓட்டும் பெட்டிகள் ஏராளம். அப்படிப்பட்ட ஜோடியில் எந்த டயருக்கு உச்சக் காற்று குறைவோ அதுதான் எல்லை. ரேடியலையும் நைலான் டயரையும் ஒரே ஆக்ஸிலில் கலக்கவே கூடாது. இரண்டும் அமுங்கும் விதம் வேறு, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எடை மேடையில் ஐந்து நிமிடம்

அரிசி ஆலை, கல் குவாரி, பழைய இரும்புக் கடை என்று எங்காவது ஓர் எடை மேடை பக்கத்தில் இருக்கும். வழக்கமாக ஏற்றும் சுமையோடு போங்கள். டிராக்டரை மாட்டியபடியே, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடை மேல் நிற்குமாறு நிறுத்தி எடை போடுங்கள். டிராக்டர் மேடைக்கு வெளியே சமதளத்தில் நிற்க வேண்டும். அடுத்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடை மேல் இருக்குமாறு நகர்த்தி இன்னொரு தடவை போடுங்கள். முதல் எடையில் இதைக் கழித்தால் மறு பக்க எடை கிடைத்துவிடும். வண்டியைக் கழற்றி எடை போட்டால் கணக்கு தப்பும். ஹூக்கில் டிராக்டர் சுமக்கும் பங்கு அப்போது தெரியாமல் போய்விடும்.

ஓர் உதாரணம். காலிப் பெட்டி 1,200 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டையில் 80 மூட்டை ஏற்றியிருக்கிறது, அது 3,200 கிலோ. மொத்தம் 4,400. இதில் 600 கிலோவை ஹூக் வழியாக டிராக்டர் சுமக்கிறது என்றால் ஆக்ஸிலில் நிற்பது 3,800. இடது சக்கரத்தில் 1,980, வலதில் 1,820 என்று எடை வருகிறது. டயரில் 2,300 கிலோ, 105 பவுண்டு என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கூடுதல் எடை உள்ள சக்கரத்தை எடுங்கள்: 1,980. இதோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 2,180. மூட்டை சரிவது, நெல் ஈரமாக இருப்பது, சாலை இடப்பக்கம் சரிவாக இருப்பது எல்லாவற்றுக்கும் இந்தப் பத்தில் ஒன்றுதான் ஈடு. 2,180-ஐ 2,300-ஆல் வகுத்து 105-ஆல் பெருக்கினால் 99.5 வரும். ஆக 100 பவுண்டு, இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு. எடை குறைந்த பக்கத்துக்குத் தனியாகக் குறைக்க வேண்டாம்.

டயர் கம்பெனிகள் வெளியிடும் சுமை–காற்று அட்டவணை கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். மேலே போட்ட நேர் விகிதக் கணக்கு அட்டவணை எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும். தப்பினாலும் பத்திரமான பக்கம் தப்பும்.

இப்போது அதே பெட்டியில் 100 மூட்டை ஏற்றுங்கள். மொத்தம் 5,200 கிலோ. அதே விகிதத்தில் ஆக்ஸிலில் கிட்டத்தட்ட 4,490. அதே சாய்வு இருந்தால் இடது சக்கரத்தில் மட்டும் 2,340. டயரின் உச்சமே 2,300. இதற்குக் காற்றில் மருந்து கிடையாது. 105-ஐ 120 ஆக்கினால் தீரும் என்று நினைத்துத்தான் பல டயர்கள் போகின்றன. உச்சத்துக்கு மேல் போனால் ரிம்மும், டயரை ரிம்மில் பூட்டி வைக்கும் லாக் ரிங்கும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. இருபது மூட்டையை இறக்குங்கள், அல்லது கூடுதல் சுமை தாங்கும் டயருக்கும் அதற்கேற்ற ரிம்முக்கும் மாறுங்கள்.

எடை மேடை அருகில் இல்லாதபோது கையில் வைத்துக்கொள்ளச் சில எண்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மணலோ எம்-சாண்டோ ஈரத்தைப் பொறுத்து நாலரை முதல் ஐந்து டன் வரும். செங்கல் ஒன்று 3 கிலோ என்றால் 1,000 கல் 3 டன். தண்ணீர் டேங்கர் என்றால் சுலபம், லிட்டருக்கு ஒரு கிலோ. கோடையில் குளத்தில் கரம்பை அள்ளும்போதுதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். பெட்டியில் பாதிதான் இருக்கிறது என்று கண் சொல்லும், எடை அதற்குள் எல்லையைத் தாண்டியிருக்கும். வைக்கோல் இதற்கு நேர் எதிர்: மலை போலத் தெரியும், சக்கரத்துக்குப் பாரமே இருக்காது.

சுமையைப் பெட்டியில் எங்கே வைக்கிறோம் என்பதும் இதில் சேரும். பின்பக்கம் அதிகமாக ஏற்றினால் ஹூக்கில் பாரம் குறைந்து முழு எடையும் டயர் மேல் விழும். அது மிகவும் அதிகமானால் டிராக்டரின் பின்பக்கத்தையே தூக்கும். ஏத்தன் வாழைத்தாரைப் பின்னால் இருந்து அடுக்கத் தொடங்கும் பழக்கம் சில தோட்டங்களில் உண்டு. ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாக அடுக்குவதே நல்லது.

காலையில் அள, மத்தியானம் கைவைக்காதே

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கு. வண்டி ஓடாமல் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். விடியற்காலையில் வெயில் விழும் முன் அளப்பதே சரி. ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் நிழலுமாக நின்ற பெட்டியை அளந்தால் வெயில் பக்கம் நாலைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும்.

காலையில் 25 டிகிரியில் 100 பவுண்டு வைத்த டயர், அக்னி நட்சத்திர வெயிலில் நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டானில் இருந்து நாங்குநேரி வரை சுமையோடு ஓடினால் உள்காற்று 65 டிகிரியை எட்டுவது சாதாரணம். அப்போது கேஜ் 115 காட்டும். அது கோளாறு இல்லை, இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிட்டு 100-க்கு இறக்கினால், மறுநாள் காலை அந்த டயரில் 86 தான் நிற்கும். அந்த 86-இல் மறுபடியும் அதே சுமை ஏற்றுவார்கள். பக்கவாட்டு கூடுதலாக மடங்கும், மடங்க மடங்கச் சூடாகும், சூட்டில் நூல் அடுக்கும் ரப்பரும் பிரியும். கடைசியில் பள்ளமே இல்லாத சாலையில் வெடிக்கும். “வெயிலுக்கு வெடிச்சிட்டு” என்று சொல்லிவிடுவார்கள். வெயிலின் பங்கு அதில் கொஞ்சம்தான்.

ஓட்டத்தில் 15 பவுண்டு வரை ஏறுவது சரி. 20-ஐத் தாண்டினால் சுமை அதிகம், அல்லது காலையில் காற்று குறைவாகத் தொடங்கியிருக்கிறது. காற்றை இறக்காதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, காரணத்தைத் தேடுங்கள்.

காற்று அடிக்கும் இடம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதா? வீட்டிலேயே காலையில் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 87 இருக்கிறது, 100 வேண்டும் என்றால் குறைவு 13. கடைக்குப் போனதும் சூட்டில் 94 காட்டலாம். அதோடு 13 சேர்த்து 107 வரை ஏற்றுங்கள். மறுநாள் காலை அளந்தால் 100-ஐ ஒட்டி நிற்கும்.

இதற்கெல்லாம் சொந்தமாக ஒரு கேஜ் வேண்டும். கார், பைக்குக்கு விற்கும் 50 பவுண்டு கேஜ் உதவாது. 150 பவுண்டுக்கு மேல் காட்டும் லாரி கேஜ் வாங்குங்கள். கடைக் கேஜ் தினமும் கீழே விழுந்து அடிபட்டது; அதையும் உங்களுடையதையும் ஒரே டயரில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பது பஞ்சரைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். 100-க்கும் 75-க்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

டிராக்டரின் பெரிய பின்டயருக்குப் பழகிய கையும் ஓர் ஆபத்து. அதில் பதினைந்து பவுண்டை ஒட்டிய காற்றே வேலை செய்யும். அங்கே இரண்டு பவுண்டு குறைவது பெரிய விஷயம், பெட்டி டயரில் அது ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் ஒரே கேஜைப் பயன்படுத்தாதீர்கள்.

தேரி, வயல், கணவாய்க் காற்று

உவரி, குட்டம் பக்கம் செம்மணல் தேரியில் பெட்டி புதைந்தால் முதல் யோசனை காற்றை இறக்குவது. லாக் ரிங் இல்லாத ரிம் போட்ட காலிப் பெட்டியில் அது பலிக்கும்: பாதியாகக் குறைத்து, நடை வேகத்தில் வெளியே எடுத்து, தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். சுமை வண்டியில் இதைச் செய்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கும், டியூபின் வால்வு பிடுங்கிக்கொண்டு வரும். சுமையில் பாதியை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் பனை ஓலையையோ மட்டையையோ பரப்பி எடுப்பது நேரம் பிடிக்கும். ஆனால் டியூபும் டயரும் மிஞ்சும்.

பிசான நெல் அறுவடையில் ஈர வயலுக்குள் பெட்டியை இறக்குவதும் இதே கதைதான். சாலைக்கான 100 பவுண்டு உள்ள ஒடுக்கமான டயர் சேற்றில் கத்தி போல இறங்கும், அடிமண்ணையும் இறுக்கிவிடும். பெட்டியைச் சாலையோரம் நிறுத்தி, மூட்டையை வரப்பு வழியே கொண்டுவருவதே உத்தமம். உள்ளே இறங்கியே ஆக வேண்டும் என்றால் அரைச் சுமை போதும்.

பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் வழியில் தென்மேற்குப் பருவத்தில் காற்றாலைகள் சுற்றும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும், அங்கே வெளிக்காற்றுக்குப் பஞ்சமில்லை. உயரமாக வைக்கோல் கட்டிய பெட்டியின் மேல் அந்தக் காற்று பக்கவாட்டில் மோதும்போது ஒரு சக்கரத்தின் பாரம் குறைந்து மறு சக்கரத்துக்குப் போகும். வைக்கோல் எடைக்கு மட்டும் கணக்குப் போட்டு 40 பவுண்டு வைத்திருந்தால் பெட்டி ஊசலாடும். இந்த வழிக்குக் கணக்கில் வருவதைவிட 15 முதல் 20 பவுண்டு கூடுதலாக வையுங்கள், உயரத்தையும் குறையுங்கள்.

காலியாகத் திரும்பும்போது காற்றை இறக்க வேண்டுமா? வேண்டாம். 100 பவுண்டில் காலிப் பெட்டி குதிக்கும், ஹூக் பின் அடிவாங்கும், ஸ்பிரிங் பட்டா சத்தம் போடும். மெதுவாக ஓட்டினால் தீர்ந்தது. தினம் இறக்கி ஏற்றும் ஏற்பாட்டில் என்றைக்காவது ஏற்ற மறந்துவிடும். சுமை வேலை முடிந்து பல வாரம் லேசான வேலைக்கு மட்டுமே வண்டி ஓடப்போகிறது என்றால், அப்போது டயர் அட்டவணையின் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கலாம்.

டயரே காட்டும் அடையாளங்கள்

சுமையோடு நிற்கும் பெட்டியின் டயர் பட்டனில், அதாவது தரையில் படும் பகுதியில், குறுக்காகச் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டு, சமமான சிமெண்டுத் தரையில் சில சுற்று உருட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. எடைக் கணக்கைச் சரிபார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. பல மாதம் ஓடிய டயரில் இதே சேதி தேய்மானமாக எழுதியிருக்கும். ஒரே ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள், ஆக்ஸில் வளைந்திருக்கலாம், பேரிங் ஆடலாம்.

பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி இரண்டு டயரின் பக்கவாட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அதில் காற்று குறைவு, அல்லது பாரம் அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. சூடு டயரில் இல்லாமல் நடு ஹப்பில் இருந்தால் அது கிரீஸ் தீர்ந்த பேரிங். ஹப்பை நேராகத் தொடாதீர்கள், கை வெந்துவிடும்; புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அடுத்த பயணத்துக்குள் கழற்றி, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ஃபிளாப்பையும் டியூபையும் பாருங்கள். வால்வு மூடி இல்லாமல் ஓட்டினால் வயல் சேறு உள்ளே போய் வால்வு பின் மெதுவாகக் கசியும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

லாக் ரிங் போட்ட ரிம் என்றால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த நிலையில் ஓடிய டயரை, அப்படியே வண்டியில் வைத்துக் காற்றடிக்கக் கூடாது. மீதிக் காற்றையும் இறக்கி, கழற்றி, ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டயரின் உள்பக்கம் கறுத்துப் பொடி உதிர்கிறதா என்று பார்த்த பிறகே அடிக்க வேண்டும். கம்பிக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸில், பக்கவாட்டில் நின்று அடிக்க வேண்டும். ரிங் தெறித்தால் எதிரே இருப்பவர் தப்புவது அரிது. சக்கரத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு காற்றடிக்கும் பழக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

கார் நெல் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் நடுவில் பெட்டி மாதக்கணக்கில் வேப்பமரத்தடியில் நிற்கும். காற்று தானாகக் குறைந்து, டயர் ஒரே இடத்தில் மடங்கி, அந்த மடிப்பில் வெடிப்பு விடும். ஆக்ஸிலுக்கு அடியில் கல் அடுக்கிச் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வையுங்கள், டயரைச் சாக்கால் மூடுங்கள். மறுபடி எடுக்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும், பக்கவாட்டில் நகம் நுழையும் அளவு வெடிப்பு இருந்தால் அந்த டயரைச் சுமைக்குப் போடாதீர்கள். ரீட்ரேடு செய்த டயரில் புது ரப்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேதியும் காற்றின் எல்லையும் அடியில் இருக்கும் பழைய டயருடையவை.